செவ்வாய்க்கிழமைச் சாம்பிராணி

போன கிழமை என் மகன் சமையலறை மேசையில் இருந்து பௌதிகப் பாடம் செய்துகொண்டிருந்தான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டான்.

"அம்மா, விடர்ஸ்டாண்ட் எதில அளக்கிறது?"

மின்தடையை ஜெர்மனில் அப்படித்தான் சொல்வார்கள். "ஓம்" என்றேன்.

"ஓம் எண்டா? எதில எண்டு கேக்கிறன்."

"ஓம்."

"நான் கேட்டது உங்களுக்குக் கேக்கேல்லை என்ன?"

அவனில் பிழையில்லை. எங்கள் வீட்டில் ஓம் என்றால் ஆமாம். வீட்டுக்கு வெளியே, ஹனோவர் முழுவதும், அது மின்தடையின் அலகு. இரண்டும் ஒரே சத்தம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. கொஞ்ச நேரம் சிரித்தான், பிறகு விடையை எழுதிவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டான். எனக்கும் அவனுடைய வயதில்தான் அது பிடிபட்டது. அவனுக்கு அதனால் ஒரு வீட்டுப்பாடம் முடிந்தது. எனக்கு ஒரு தொழில் கிடைத்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அப்பா முதலில், பிறகு அம்மாவும் நானும் என்று எல்லோரும் அந்த நாளைய கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில்தான் வந்து இறங்கினோம். அங்கிருந்து மேற்குப் பக்கம் வந்து, கடைசியில் ஹனோவருக்கு வெளியே ஓர் அகதி விடுதியில் ஓர் அறை கிடைத்தது. அப்பா ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனார். அந்த வேலை சட்டப்படியானதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. என்னை அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் ஒளித்தொகுப்புச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தவள். இங்கே என்னைக் கடைசி வாங்குப்பலகையில் இருத்தி, ஒரு வாத்தின் படத்தைக் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னார்கள். மொழி தெரியாத பிள்ளையை வேறு என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை, பாவம். நான் அந்த வாத்துக்கு மிகவும் கவனமாக நிறம் தீட்டினேன். அடுத்த நாள் இன்னொரு வாத்துத் தந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அப்பா எனக்கு ஒரேயொரு அறிவுரை சொல்லியிருந்தார். "என்ன கேட்டாலும் யா எண்டு சொல்லு. பேசாமல் நிண்டா மோடு எண்டு நினைச்சுப்போடுவாங்கள்." யா என்றால் ஜெர்மனில் ஆமாம். அப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பயம் வந்தால் ஞாபகம் என்ன செய்யும்?

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் தொழிற்பாடம். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஒன்று சமையலும் வீட்டு நிர்வாகமும். மற்றது டெக்னிக், அதாவது மரவேலை, மின்வேலை, ஈயம் பற்றவைத்தல். பெண்பிள்ளைகள் டெக்னிக் எடுக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. எடுத்த பெண்பிள்ளைகளும் இருக்கவில்லை.

அம்மாவுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாலு கேக் அடுப்புகள் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். எங்கள் விடுதியில் ஒரு மாடிக்கே சமைக்க இரண்டு மின்தட்டுகள். தமிழ்ச் சனம் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பிறந்தநாள், கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல்நன்மை, ஒருவருக்கு விசா கிடைத்தது என்று எல்லாவற்றுக்கும் கேக் தேவைப்பட்டது, அடிக்கத்தான் ஆளில்லை. "நீ கேக் அடிக்கப் பழகினா இந்த ஊரில ராசாத்தி மாதிரி இருக்கலாம்" என்றார். நேரே பள்ளிக்கூட அதிபரிடம் போய், ஒரு கையைக் கோப்பைபோலக் குவித்து மற்றக் கையால் முட்டை அடித்துக் காட்டினார். அதிபர் தலையாட்டினார். விஷயம் முடிந்தது என்று அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

டெக்னிக் வாத்தியாரின் பெயர் லூடர்ஸ். ஒல்லியான மனுசன். சாம்பல் நிற வேலைச்சட்டையின் பையில் எப்போதும் மூன்று திருப்புளிகள். சிரிக்கும்போதும் சிரிக்காதபோதும் முகம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அவர்தான் எங்கள் வகுப்புக்குப் பௌதிகமும் எடுத்தார். ஒரு நாள் முந்திய பாடத்திலிருந்து ஏதோ கேட்டார். முன் வாங்கு பேசவில்லை. நடு வாங்கு யன்னலைப் பார்த்தது. அவர் ஒவ்வொரு மேசையாக வந்து, கடைசியில் என் வாத்துக்கு முன்னால் நின்று, அதே கேள்வியை என்னிடம் கேட்டார். உதவிக்கென்று கேட்டாரா, சலித்துப்போய்க் கேட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்கு விளங்கிய ஒரே விஷயம், முழு வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கிறது என்பதுதான். யா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வந்தது.

அவர் கேட்டது மின்தடையின் அலகு என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். லூடர்ஸ் மேசையில் இருந்த வாத்தை எடுத்தார், மடித்தார், சட்டைப் பையில் திருப்புளிகளுக்குப் பின்னால் வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு வாத்துத் தரப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சமையல் அறைக்குப் போனபோது அவர் வாசலில் நின்று, வா என்று கையைக் காட்டினார். சமையல் ஆசிரியை மறுப்புச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த பிள்ளைகளுக்கே தாச்சிச் சட்டிகள் காணாது. நான் போனேன்.

அந்த அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீளமான மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல்கள், வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். லூடர்ஸ் ஒவ்வொரு வகுப்பையும் அந்தப் பொத்தானை அமத்தித்தான் தொடங்குவார். மேசைகளில் எரியும் சின்ன விளக்குகள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போகும். எல்லோரும் பார்த்தாயிற்றா என்று ஒரு தரம் சுற்றிப் பார்ப்பார். பிறகு சாவியைப் போட்டுத் திரும்ப உயிர் கொடுப்பார். வேலை தொடங்கும்.

அங்கே எனக்கு வாய் தேவைப்படவில்லை. இந்தக் கம்பியை அந்தக் கம்பியோடு சேர்க்க வேண்டும், சேர்ந்தால் விளக்கு எரியும், சேராவிட்டால் எரியாது. இதற்கு என்ன மொழி? மற்ற நாட்களில் நான் ஊமை. வகுப்பில் ஊமை, கடையில் ஊமை, வெளிநாட்டவர் அலுவலக வரிசையில் அப்பாவோடு நிற்கும்போதும் ஊமை. செவ்வாய்க்கிழமை இரண்டு மணித்தியாலம் மட்டும் நான் ஊமையில்லை. அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற நாட்களை ஒப்பேற்றினேன். 

அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. அவர்தான் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. "வகுப்பு நல்லாயிருந்ததோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "டீச்சர் நல்ல மனுசியோ?" என்று கேட்டார். சமையல் ஆசிரியை நல்ல மனுசிதான். ஓம் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்புக்கு முன்னால் விட்டிருப்பார். அம்மாவுக்கு மின்சாரம் என்றால் அப்படியொரு பயம். யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருந்தபோது இடி முழங்கினால் முதலில் மெயினை நிப்பாட்டுவார், பிறகுதான் பிள்ளையைத் தேடுவார். விடுதியில் மின்குமிழ் மாற்ற அப்பா கதிரையில் ஏறினால், இறங்கும்வரை கையில் செபமாலை உருளும்.

முதல் சிக்கல் கேக். சமையல் வகுப்புப் பிள்ளைகள் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நான் வெறுங்கையோடு போனேன். இரண்டு கிழமை பொறுத்திருந்த அம்மா, "அங்கயே தின்னுறியளோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஓம் சொல்ல ஏலவில்லை. என் வகுப்பில் செவிம் என்றொரு துருக்கிப் பிள்ளை இருந்தாள். அவள் சமையல் எடுத்தவள். அவளுடைய வோக்மனில் ஒரு காது கேட்காது. கம்பி விட்டுப்போயிருந்தது. அதை நான் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் செய்வதில் பாதி எனக்கு. அம்மா அந்தக் கேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "சீனி காணாது பிள்ளை" என்பார். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் செவிமிடம் கைப்பாசையில் சீனி காணாது என்பேன். அவள் எனக்குக் கைப்பாசையில் வேறொன்று சொல்வாள்.

இரண்டாவது சிக்கல் மணம். ஈயம் பற்றவைக்கும் கம்பிக்குள் மரப்பிசின் இருக்கும். சூடு பட்டதும் வெள்ளையாய் ஒரு புகை எழும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை மணந்தால், திருநாள் பூசையில் சுவாமியார் சாம்பிராணித் தூபம் ஆட்டிக்கொண்டு பக்கத்தால் போகிறார் என்றே நினைப்பீர்கள். குனிந்து வேலை செய்வதால் அது முழுக்கத் தலைமயிரில்தான் ஏறும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தவர், சீப்பை நிறுத்திவிட்டு உச்சியை மணந்து பார்த்தார். அடுத்த செவ்வாயும் மணந்தார். அதற்கடுத்த செவ்வாய் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கோயிலுக்குப் போட்டு வாறனி என்ன?" என்றார். என் உச்சியில் சிலுவை வரைந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வேதக்காரரான நாங்களும் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள். எல்லாம் பொருந்தி வந்தது. அந்த இடத்தில் நான் ஓம் சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

விடுதியில் பக்கத்து அறை றீற்றா அக்கா. அவருக்குத் தெரிந்தால் மூன்று மாடிக்கும் தெரிந்த மாதிரி. அடுத்த செவ்வாய்க் காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க வந்து நின்றார்.

"பிள்ளை, என்ர அகதிக் கேஸ் இன்னும் இழுபட்டுக்கொண்டு கிடக்கு. அந்தோனியாரிட்ட எனக்காக ஒரு மன்றாட்டு வை, என்ன?"

என்ன செய்வது? அன்றைக்கு ஒரு கதவுமணிக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். புகை எழும்பும்போது மனதுக்குள் றீற்றா அக்காவின் பெயரைச் சொன்னேன். சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு மாதம் போயிருக்கும், றீற்றா அக்காவின் கேஸ் சரிவந்தது. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்தக் கிழமையே மற்ற மாடிகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் தம்பி கொழும்பில் பிடிபட்டிருக்கிறான் என்றார். ஒருவருக்கு இடுப்பில் நாரி நோ. பெயர்களை மறக்காமல் சொல்லிச் சொல்லி ஈயம் வைத்தேன். நான் மடத்துக்குச் சிஸ்டராகப் போகப்போகிறேன் என்று கதை அடிபட்டது. அப்பா மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரே பிள்ளை அல்லவா.

இப்படியிருக்கும்போதுதான் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வந்தது. அந்த வருடம் பள்ளிப்படிப்பு முடிந்தால் என்ன செய்வது என்று தீர்மானிக்கும் காலம். அப்பாவுக்கு வேலை. அம்மா சிவப்புச் சேலை உடுத்து, மேலே யாரோ கொடுத்த ஆண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு, கேக் டீச்சரைக் கண்டு சீனி விஷயம் பேச வேண்டும் என்று புறப்பட்டார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் பிடிபட்டிருந்தது, மொழிபெயர்ப்பாளர் நான்தான். அந்த நாட்களில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் தங்களைப் பற்றிய முறைப்பாடுகளைத் தாங்களே மொழிபெயர்த்தவர்கள்.

அம்மாவை எப்படியாவது மற்ற மாடிப்படியால் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். லூடர்ஸ் தன் அறை வாசலில் காவல் நின்றார். எங்களைக் கண்டதும் கதவை அகலத் திறந்து, உள்ளே வாருங்கள் என்று குனிந்தார்.

உள்ளேயிருந்து மணம் வந்து எங்கள் முகத்தில் அடித்தது. அம்மாவின் வலக்கை தன்பாட்டில் சிலுவை போட நெற்றிக்குப் போனது. நெற்றியைத் தொட்டு நெஞ்சுக்கு இறங்கியபோது கண்கள் அறைக்குள்ளே போய்விட்டன. மேசைகள், சூட்டுக்கோல்கள், கம்பிச் சுருள்கள், நான் செய்த கதவுமணி. தோளுக்குப் போகவேண்டிய கை நெஞ்சிலேயே நின்றது.

"இதுதானோ உன்ர கோயில்?" என்றார்.

ஓம் என்றேன். அன்றைக்கு அதைவிடப் பாரமான சொல் எனக்கு எந்த மொழியிலும் தெரியாது. சமையல் அறையின் நாலு அடுப்புகளும் கண்ணுக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றன.

லூடர்ஸ் கதிரை இழுத்துப் போட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு வசனமாக நான் சொல்ல, அம்மா என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்து, மரியாதைக்கு "ஓம்" என்றார். உங்கள் மகளுக்குக் கை நடுங்குவதில்லை. "ஓம்." மின்சுற்றுப்படம் ஒருமுறை பார்த்தால் போதும். "ஓம்." லூடர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் இது பரம்பரை என்று நினைத்திருப்பார் போலும்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். தனக்குத் தெரிந்த ஒரு ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் கடை இருக்கிறது. அங்கே என்னைத் தொழில் பழக எடுப்பார்கள். அனுமதிப் பத்திரத்துக்குத் தானே அலுவலகத்தில் வந்து கதைப்பார். தாய் சம்மதிக்க வேண்டும். நான் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அம்மா ஓம் சொல்லவில்லை.

"கரண்ட் அடிக்காதோ எண்டு கேள்."

கேட்டேன். லூடர்ஸ் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று, அம்மாவை வரச் சொன்னார். அமத்துங்கள் என்று காட்டினார். அம்மா சேலைத்தலைப்பை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டு அமத்தினார். மேசை விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. லூடர்ஸ் சாவி போட்டார், எரிந்தன. அம்மா விரலிலிருந்து சேலையைக் கழற்றினார். இந்த முறை வெறும் விரலால் அமத்தினார்.

பிறகு அம்மா என்னிடம் கேட்டது, "கேக் ஆர் செய்தது?"

"செவிம்."

"நினைச்சனான். நீ எண்டா சீனி அள்ளிக் கொட்டியிருப்பாய்."

லூடர்ஸ் பொறுமையிழந்து, சம்மதமா என்று திரும்பக் கேட்டார். நான் சொன்னேன். அம்மா கதவுமணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு லூடர்ஸ் பக்கம் திரும்பி, நல்ல தெளிவாக, "ஓம்" என்றார்.

லூடர்ஸின் முகத்தில் சிரிப்பை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

திரும்பி வரும்போது டிராமில் அம்மா கேட்டார். "நான் வாயைத் திறக்கேக்கையெல்லாம் அந்தாள் ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்குது?" நான் விளக்கினேன். கம்பியில் மின்சாரம் போகவிடாமல் மறிக்கிற தடையை ஓம் என்ற அலகில்தான் அளப்பார்கள் என்றேன். அம்மா இரண்டு தரிப்பிடம் யோசித்தார்.

"மறிக்கிறதுக்கும் ஓம் எண்டோ சொல்லுறாங்கள்?" என்றார். "அதுதான் வெளிநாட்டவர் அலுவலகத்தில ஒண்டும் விளங்குதில்லை."

விடுதியில் அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. மன்றாட்டுக்காரர் வந்தால், "ஓமோம், சொல்லிவிடுறன்" என்று பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார். செவ்வாய்ப் பின்னேரம் நான் வந்து சப்பாத்துக் கழற்ற முதல் என் தலையைப் பிடித்து மணந்து பார்ப்பார். "இண்டைக்குப் பெரிய பூசை போல" என்பார். கேக் பிறகும் வந்துகொண்டிருந்தது. செவிம் கடைசிவரை சீனியைக் கூட்டவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. தொழில் பழகப் போகிற பிள்ளைகளுக்கான அந்த வகைப் பள்ளிகளையே எங்கள் பக்கத்தில் மூடிவிட்டார்கள். கட்டடத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். லூடர்ஸ் அறை இருந்த இடத்து யன்னலில் ஒரு பூனை படுத்திருந்ததைப் பார்த்தேன். ரேடியோ திருத்தும் கடையும் இல்லை. பழுதானால் எறிந்துவிடுகிறார்கள். என் மகனுக்கும் டெக்னிக் பாடம் உண்டு. கைக்கணினியில் கம்பிகளை விரலால் இழுத்துச் சேர்க்கிறான், படத்தில் விளக்கு எரிகிறது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவன் தலையை மணந்து பார்த்தேன். ஷாம்பு மணந்தது. "அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்று விலகிப் போனான்.

எனக்கு இப்போது ஆஸ்பத்திரிக் கருவிகள் திருத்தும் இடத்தில் வேலை. இன்னமும் ஈயம் வைக்கிறேன். புகை கூடாதாம், சுவாசப்பைக்குக் கேடு. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குழாய் பூட்டியிருக்கிறார்கள். புகை எழும்பி முகத்துக்கு வர முதலே அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நல்ல விஷயம்தான். செவ்வாய்க்கிழமையும் நான் மணமில்லாமல்தான் வீட்டுக்கு வருகிறேன்.

அம்மா போய் ஏழாவது வருடம். இருந்திருந்தால் வாசலிலேயே மறித்து என் தலையை மணந்திருப்பார்.

"என்ன பிள்ளை, கோயிலுக்குப் போறதை விட்டிட்டியோ?"